மரத்தடியில் மாறும் குரல்

வணக்கம். ராத்திரியில் குப்பைத்தொட்டி மூடி தடால் என்று விழும். விளக்கைப் போட்டுப் பார்த்தால், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு ஒருத்தர் உட்கார்ந்து நம்மை முறைப்பார். அமெரிக்காவில் குடியிருக்கும் உங்களுக்கு ரக்கூனை இதற்கு மேல் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நான் பேச வந்தது அதை விரட்டும் கூன்ஹவுண்ட் நாய்களைப் பற்றி. டென்னசியில் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு பல வருஷம் இரவு வேட்டைக்குப் போயிருக்கிறேன். துப்பாக்கியைத் தொட்டதில்லை. நாயின் குரலைக் கேட்கத்தான் போனேன்.

அந்தக் குரலைச் சொல்லியே ஆக வேண்டும். மோப்பம் பிடித்து ஓடும்போது ஊளை மாதிரி நீளமாக இழுக்கும். ரக்கூன் மரமேறியதும் குரல் மாறிவிடும். முன்னங்கால்களை மரத்தில் ஊன்றிக்கொண்டு, வெட்டு வெட்டாக, மூச்சு விடாமல் குரைக்கும். அரை மைல் தள்ளி இருட்டில் நின்றபடியே, "ஏறிடுச்சு, வா" என்பார் பெரியவர். நாலு நாய் சேர்ந்து குரைத்தாலும் தன்னுடையது எது என்று அவருக்குத் தெரியும். அலபாமாவில் இந்த நாய்களுக்கென்றே 1937-லிருந்து ஓர் இடுகாடு இருக்கிறது. வேறு சாதி நாய்க்கு அங்கே இடமில்லை!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியை ஒட்டி ரக்கூன்கள் இணை சேரும். ஆண் துணை தேடி வெகுதூரம் அலையும். அந்தத் தடத்தைப் பிடித்த நாய் நெடுஞ்சாலை, ரயில்பாதை எதையும் பார்க்காது. ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை இல்லாமல் அவிழ்த்துவிடாதீர்கள். அடுத்தது தண்ணீர். நீந்தி வரும் நாயின் தலைமேல் ஏறி ரக்கூன் அமுக்கிவிடும். பெரியவரின் நாயை ஒருமுறை ஓடையிலிருந்து இழுத்தெடுத்தோம். காது கிழிந்து தொங்கியது. கோட்டில் சுற்றி, வண்டி ஹீட்டர் முன்னால் வைத்திருந்தோம். உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது.

மரத்தில் ஏறியதைச் சுடவும் வேண்டாம். சினைக்காலம் 63 நாள்தான். மேலே இருப்பது சினையா இல்லையா என்று டார்ச் வெளிச்சத்தில் யார் கண்டது? நாயை வாரில் கட்டிக் கூட்டி வந்துவிடுங்கள். அந்தக் குரலைக் கேட்டாயிற்றே, அது போதாதா?

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். நோய்களைப் பற்றித்தான் நிறைய எழுதி வந்தேன். போகட்டும். ரேபிஸ் ஊசியும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கான ஊசியும் கட்டாயம். அப்புறம், ரக்கூனிடம் கடிபட்ட நாய்க்கு ஒன்றிரண்டு வாரத்தில் பின்னங்கால் தள்ளாடினால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். கால்களை முடக்கும் அந்த வாத நோயில் குரைப்பும் கம்மிப்போகும். வணக்கம்.