கரோலினுக்குள் ஒரு டைமன்

நண்பர்களே, எம்.சி. சொலார் என்ற பிரெஞ்சு ராப் கவிஞரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் இவன் சீட்டுக்கட்டைப் பிரிக்கிறானே என்று நினைக்க வேண்டாம். சீட்டாடத் தெரிந்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். கை தூக்கச் சொல்லிச் சங்கடப்படுத்த மாட்டேன். இஸ்பேட், கிளாவர், ஆர்ட்டின், டைமன் என்று நாம் சொல்கிறோம் அல்லவா? பிரெஞ்சில் கிளாவருக்கு த்ரெஃப்ல் என்று பெயர். இஸ்பேடுக்கு பிக், ஆர்ட்டினுக்கு கெர், டைமனுக்கு கரோ. இதில் பிக் என்பது வினைச்சொல்லாகவும் வரும், குத்துகிறது என்று பொருள். கெர் என்றால் இதயம். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாட்டு. கரோலின் என்ற பெண்ணைக் காதலித்துத் தோற்றவன் பாடுகிறான். அதில் ஒரு வரி: உன் இதயத்தைக் குத்தும் கிளாவர் ஏஸ் நான், கரோலின். பிரெஞ்சில் கேட்டால் கிளாவர் வருகிறது, குத்துகிறது என்பதற்குள் இஸ்பேட் வருகிறது, இதயம் என்பதற்குள் ஆர்ட்டின் வருகிறது. டைமன் எங்கே? கரோ-லின். அவள் பெயரின் முதல் பாதியே டைமன்தான். ஒரே வரியில் முழுச் சீட்டுக்கட்டையும் இறக்கிவிட்டான். காளமேகத்தைக் கேட்டு வளர்ந்த காது நமக்கு. இந்த இடத்தில் நாம் "ஆகா" என்று சொல்லாமல் இருக்க முடியாது.

எழுதியவர் எம்.சி. சொலார். பாட்டு வந்தது 1991ஆம் ஆண்டின் ஆல்பத்தில். பிரான்ஸில் ராப் என்றால் தெருச் சத்தம் என்று பெரியவர்கள் முகம் சுளித்துக்கொண்டிருந்த நேரம் அது.

இயற்பெயர் குளோத் எம்பராலி. 1969 மார்ச் 5ஆம் தேதி செனகல் தலைநகர் டக்காரில் பிறந்தார். பெற்றோர் சாட் நாட்டவர்கள். ஆறு மாதக் குழந்தையாகப் பிரான்ஸுக்கு வந்தார், முதலில் பாரிஸுக்கு வடக்கே சான்-தெனியில். அப்புறம் வளர்ந்தது தென்கிழக்கே வில்நெவ்-சான்-ஜோர்ஜ் என்ற புறநகரில். அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே ரயில் ஞாபகம்தான் வரும். பிரான்ஸின் பெரிய சரக்கு ரயில் முனையங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. தலைக்கு மேலே ஓர்லி விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள். கீழே தண்டவாளம், மேலே விமானம், நடுவில் அடுக்குமாடிக் குடியிருப்புகள். ஊரைவிட்டுப் போகிற சத்தம் எல்லாத் திசையிலும் கேட்கிற இடம்.

பன்னிரண்டு வயதில் அவரும் போனார். கெய்ரோவில் இருந்த மாமா வீட்டில் சுமார் ஒன்பது மாதம். நியூயார்க்கில் ஆஃப்ரிகா பம்பாட்டா தொடங்கிய ஸூலு நேஷன் என்ற ஹிப்ஹாப் இயக்கத்தைப் பற்றி அங்கேதான் தெரிந்துகொண்டாராம். டக்காரில் பிறந்து பாரிஸில் வளர்ந்த சாட் நாட்டுப் பிள்ளை, நியூயார்க்கின் இசையை எகிப்தில் கண்டுபிடிக்கிறான்! கதையில் எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

1984இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் முதல் சேனலில் ஞாயிறு மதியம் ஒரு நிகழ்ச்சி வந்தது. நடத்தியவர் சிட்னி, குவாதலூப் தீவைப் பூர்வீகமாகக் கொண்டவர். ஹிப்ஹாப்புக்கென்றே வாராவாரம் வந்த நிகழ்ச்சி. புறநகர்ப் பிள்ளைகள் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, அதன்மேல் தலைகீழாகச் சுழலக் கற்றுக்கொண்டது அதைப் பார்த்துத்தான். நிகழ்ச்சி ஓராண்டில் நின்றுபோனது. பழக்கம் நிற்கவில்லை. சொலாருக்கு அப்போது 15 வயது.

பள்ளி இறுதித் தேர்வை 1988இல் முடித்தார். படிக்கிற பிள்ளைதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ராப்பர் என்றதும் பள்ளியிலிருந்து ஓடியவன் என்று ஒரு படம் நம் தலைக்குள் இருக்கிறது. இவர் அகராதிக்குள் ஓடியவர்.

முதல் பாட்டின் தலைப்பு பூஜ் தெ லா. "இடத்தைக் காலி பண்ணு" என்று அர்த்தம். அடியில் ஓடும் இசை சைமாண்டே என்ற குழுவின் பாட்டிலிருந்து எடுத்தது. கரீபியத் தீவுகளிலிருந்தும் கயானாவிலிருந்தும் லண்டனுக்கு வந்தவர்கள் 1970களில் அமைத்த குழு அது. பாட்டு முழுக்க யாராவது யாரையாவது நகரச் சொல்கிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். நாடு முழுக்கச் சிரித்துக்கொண்டே பாடியது. ஆனால் அந்த நாட்டில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு "இங்கிருந்து நகரு" என்பது பாட்டில் மட்டும் கேட்கிற வாக்கியம் இல்லையே. சொலார் அதை விளக்கவில்லை. தாளம் போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அவருடைய வழியே அதுதான்.

முதல் ஆல்பத்தின் பெயரைப் பாருங்கள். பைபிளில் ஓசியாவின் ஆகமத்தில் ஒரு வசனம் உண்டு: காற்றை விதைத்துச் சூறைக்காற்றை அறுப்பார்கள். பிரெஞ்சில் இது அன்றாடப் பழமொழி. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று நாம் சொல்கிற மாதிரி. புயலுக்கு அவர்கள் சொல்லும் சொல்லும், தாளகதியைக் குறிக்கும் டெம்போவும் எழுதும்போது ஒரே நான்கு எழுத்தில் தொடங்கும். சொலார் கடைசியை மட்டும் வெட்டி ஒட்டினார். காற்றை விதைத்தவன் தாளத்தை அறுப்பான். ராப் என்றால் கலவரம் என்று பயந்தவர்களுக்கு அட்டையிலேயே பதில் போட்டுவிட்டார்: புயல் இல்லை ஐயா, தாளம்தான்.

சரி, இங்கே ஒரு சண்டையைச் சொல்லியாக வேண்டும். 1991இல் பிரெஞ்சு ராப்பின் மூன்று பெரிய பெயர்களுமே ஆல்பம் போட்டார்கள். மார்செயிலிருந்து ஐயாம் என்ற குழு, சான்-தெனியிலிருந்து என்.டி.எம்., அப்புறம் சொலார். என்.டி.எம். கோபக்காரர்கள். 1995 ஜூலை 14 அன்று, அதாவது அவர்களுடைய தேசிய தினத்தன்று, தெற்கே ஒரு மேடையில் போலீஸைத் திட்டியதற்காக அடுத்த ஆண்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சிறைத் தண்டனையும் ஆறு மாதம் மேடை ஏறத் தடையும் விதித்தது. மேல்முறையீட்டில் அது குறைந்தது, அது வேறு கதை. அதே 1995இல் சொலாருக்கு, பிரெஞ்சு இசைக்கான விக்துவார் விருது விழாவில் ஆண்டின் சிறந்த ஆண் கலைஞர் விருது. ஒரு பக்கம் தண்டனை, இன்னொரு பக்கம் பரிசு. உடனே பேச்சு கிளம்பியது: இவர் நல்ல பிள்ளை ராப்பர், வாத்தியார்களுக்குப் பிடித்த ராப்பர், பல் பிடுங்கிய பாம்பு என்று.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கோபக்காரர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் சொலாரின் சாதுத்தனத்தை நான் நம்பவில்லை. 1994இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் பெயர் ப்ரோஸ் கோம்பா. கைக்குக் கை மோதும் சண்டையை க்ளோஸ் காம்பாட் என்பார்களே, அதில் க்ளோஸை எடுத்துவிட்டு ப்ரோஸைப் போட்டார், அதாவது உரைநடையை. உரைநடைச் சண்டை. சாதுவா இது?

அதில் ஒரு பாட்டு, போரை ஹீமோகுளோபினின் ஆசைநாயகி என்கிறது. ரத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவள். இன்னொரு பாட்டு புதிய வெஸ்டர்ன். பிரெஞ்சுப் பாடகர் செர்ஜ் கேன்ஸ்பூர் 1968இல் நடிகை பிரிஜித் பார்தோவோடு பாடிய போனி அண்டு கிளைட் பாட்டின் இசையை எடுத்துச் சுற்றவிட்டு, அதன்மேல் கௌபாய் கதையைச் சொல்கிறார். குதிரையும் துப்பாக்கியும் கோட்டு சூட்டுக்கு மாறி, அமெரிக்க எல்லைப்புறம் கடல் தாண்டிப் பாரிஸுக்கு வந்துவிட்டது என்பது கதை. அதன் தொடக்கத்தில் ஒரு வேடிக்கை செய்திருக்கிறார். அரிசோனா என்று ஒரு வரி முடியும். அடுத்த வரி, ஹாரி அங்கே சும்மா சுற்றித் திரிந்தான் என்று முடியும். பிரெஞ்சில் ஹகரம் ஒலிக்காது. சுற்றித் திரிந்தான் என்பதற்கு அவர்களுடைய வினைச்சொல் ஸோனா. ஆக, ஹாரி ஸோனா, அரிசோனா. ஒலி ஒன்று, பொருள் இரண்டு. தமிழாசிரியர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், மடக்கு என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். நமக்கு எதுகை வரியின் தலையில் இருக்கிறது, இரண்டாம் எழுத்தில். பிரெஞ்சுச் செய்யுளுக்கு ஒலி ஒப்புமை வாலில், நம் இயைபைப் போல. நூற்றாண்டுகளாக அவர்கள் பன்னிரண்டு அசை வரியை எழுதி, வாலில் மணி கட்டி வந்தார்கள். சொலார் வாலில் மட்டும் கட்டவில்லை, இடுப்பில், முழங்காலில், எல்லா இடத்திலும் கட்டினார். வரி நடந்தால் சலங்கை கேட்கும். புறநகர்ப் பிள்ளைகள் சொல்லைத் திருப்பிப்போட்டுப் பேசுகிற வெர்லான் என்ற ஒரு பேச்சு உண்டு. ஃபாம் என்ற பெண் மெஃப் ஆவாள். நாம் சின்ன வயதில் எழுத்துக்கு எழுத்து க சேர்த்துப் பேசினோமே, அந்தக் குறும்பின் அண்ணன் அது. சொலார் அதை அதிகம் நம்பவில்லை. பள்ளிக்கூடம் கொடுத்த அதே பிரெஞ்சை எடுத்து, பள்ளிக்கூடம் எதிர்பார்க்காத இடத்தில் மடக்கினார்.

அமெரிக்காவிலும் காது கொடுத்தார்கள். கேங் ஸ்டார் குழுவின் குரு 1993இல் ஜாஸையும் ராப்பையும் கலந்து ஜாஸ்மாடாஸ் என்ற ஆல்பத்தைச் செய்தபோது ஒரு பாட்டுக்கு இவரை அழைத்தார். ஒருவர் ஆங்கிலத்தில், ஒருவர் பிரெஞ்சில். யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

இதே காலத்தில் பிரெஞ்சு அரசுக்கு ஒரு கவலை வந்தது, ஆங்கிலம் நம் மொழியைத் தின்றுவிடும் என்று. 1994இல் சட்டம் போட்டார்கள். 1996 ஜனவரி முதல் வானொலிகள் ஒலிபரப்பும் பாடல்களில் 40 சதவீதம் பிரெஞ்சில் இருக்க வேண்டும், அதில் பாதி புதியவர்களுடையதாகவோ புதிய பாடல்களாகவோ இருக்க வேண்டும். சட்டம் போட்டவர்கள் யாரை நினைத்திருப்பார்கள்? கையில் கிட்டாரும் கழுத்தில் மப்ளருமாக நிற்கும் பாடகரைத்தான் என்று நினைக்கிறேன். இளைஞர்களுக்கான வானொலிகள் புதிய பிரெஞ்சுப் பாடலைத் தேடியபோது கைநிறைய இருந்தது ராப்தான். ஸ்கைராக் என்ற வானொலி ராப்புக்கே மாறிவிட்டது. மொழிக்குக் காவல் போட்டார்கள், கதவைத் திறந்து உள்ளே போனவர்கள் குடியேறியவர்களின் பிள்ளைகள்.

இனி வருகிற பகுதி எனக்குக் கொஞ்சம் வலிக்கிற பகுதி. சொலார் அடுத்ததாக இரட்டை ஆல்பம் ஒன்றை நினைத்திருந்தார். பதிவு நிறுவனம் 1997இல் ஒன்று, 1998இல் ஒன்று என்று இரண்டாக வெளியிட்டது. ஒப்பந்தச் சண்டை நீதிமன்றத்துக்குப் போனது. முடிவில் நிறுவனம் அந்தப் பதிவுகளை விற்க முடியாமல் போனது. அவரிடமும் அவை இல்லை. முதல் நான்கு ஆல்பங்கள் கடையிலிருந்து மறைந்தன. பிறகு இணையத்தில் பாட்டுக் கேட்கும் காலம் வந்தது. அங்கேயும் அவை இல்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள். பிரெஞ்சு ராப்பின் முதல் வகுப்புப் பாடநூல் என்று சொல்லத்தக்க இரண்டு ஆல்பங்களை, ஒரு தலைமுறை அண்ணன் வைத்திருந்த பழைய கேசட்டில் கேட்டால்தான் உண்டு. எரிக்கப்படாமல், தடை செய்யப்படாமல், வெறும் ஒப்பந்தக் காகிதத்தால் ஒரு கவிஞரின் இளமைக்காலப் படைப்பு முழுவதும் காணாமல் போக முடியும். நம் ஏடுகளைக் கரையான் தின்றது. அங்கே கரையான் கோட்டுப் போட்டிருந்தது.

மனிதர் உட்கார்ந்து அழவில்லை. 2001இல் ஐந்தாவது ஆல்பம், பெயர் ஐந்தாவது ஏஸ். கட்டில் நான்கு ஏஸ்தானே இருக்கும்? நான்கையும் பிடுங்கிக்கொண்டீர்கள், பரவாயில்லை, என் சட்டைக்கையில் ஐந்தாவது இருக்கிறது என்று சொல்வதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் அப்படிச் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள், இது என் வியாக்கியானம். அந்த ஆல்பத்தில் அடிமை வணிகத்தையும் காலனிகளையும் பற்றிய பாட்டு இருக்கிறது, வருமானம் இல்லாதவர்களுக்கு அரசு கொடுத்த உதவித்தொகையின் பெயரிலேயே ஒரு பாட்டு இருக்கிறது, தன் சாவைத் தானே பாடியதும் இருக்கிறது. பல் பிடுங்கிய பாம்பு என்றவர்கள் இதைக் கேட்டார்களா தெரியவில்லை. அழகியும் மிருகமும் கதையின் தலைப்பில் மிருகத்தை எடுத்துவிட்டு பேட் பாய் என்று போட்ட பாட்டும் இதில்தான். செக்ஸ் அண்டு த சிட்டி தொடரின் 2004ஆம் ஆண்டுக் கடைசிப் பகுதியில் அது ஒலித்தது. அமெரிக்க வீடுகளில் பலருக்குச் சொலாரின் குரல் முதலில் எட்டியது அப்படித்தான் இருக்கும்.

2003இல் ஆறாவது, 2007இல் ஏழாவது. அவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், எனக்கு அவை அவ்வளவு ஒட்டவில்லை.

பிறகு பத்து ஆண்டு அமைதி. 2017 நவம்பரில் ஜியோபொயெத்திக் வந்தது. புவி அரசியல் என்ற சொல்லில் அரசியலை எடுத்துவிட்டுக் கவிதையை வைத்தது. ஆளுக்கு அப்போது 48 வயது. அதில் ஒரு பாட்டின் பெயர் சோனோடோன். காது கேட்காதவர்கள் வைக்கும் கருவியின் பிராண்டுப் பெயர், நாளடைவில் கருவிக்கே பொதுப்பெயராகிவிட்டது. முடி நரைத்து மூட்டு வலிக்கத் தொடங்கிய ஒருவன் இளமைக்காக ஏங்குகிற பாட்டு. இருபது வயதுக்காரர்களின் கலை என்று ராப்பைச் சொல்வார்கள். இவர் காதுக்கருவியைத் தலைப்பாக வைத்தார்! 2018 விக்துவார் விழாவில் அந்த ஆல்பத்துக்கு விருது. எந்தப் பிரிவில் தெரியுமா? ராப் பிரிவில் இல்லை. ஷான்சோன் என்கிற பிரெஞ்சுப் பாடல் மரபின் பிரிவில், கேன்ஸ்பூர், பிரெல் மாதிரிப் பெரிய பாடகர்கள் உட்கார்ந்திருந்த திண்ணையில்.

2021இல் பழைய ஆல்பங்கள் திரும்பக் கிடைத்தன, இசைத்தட்டாகவும் இணையத்திலும். முதல் ஆல்பம் வந்து அதற்குள் 30 ஆண்டு ஆகிவிட்டது. 2024இலிருந்து வானத்து ஒளிகளைப் பெயரில் வைத்துப் புதியவையும் தருகிறார்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார், ஏஸ் இல்லை, துண்டுச் சீட்டு. ஒலிபெருக்கி பார்க்கிற தம்பி, நான் கொடுத்த அந்தப் பாட்டைப் போடுங்கள். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் த்ரெஃப்ல், பிக், கெர் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வாருங்கள். நான்காவது அவள் பெயரில் வரும்.