வசன வரிகள் இல்லாமல் ஒரு 'கெஸ்'

வணக்கம், நேயர்களே. திரையரங்கில் கடைசி வரிசையைத் தவிர வேறெங்கும் நான் உட்காரமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று 15 வெள்ளி கொடுத்து அந்த இடத்தைப் பிடித்து, 1969ஆம் ஆண்டின் 'கெஸ்' படத்தைப் பெரிய திரையில் பார்த்தேன். ஆனால் திரையில் வசன வரிகளே இல்லை! படம் எடுக்கப்பட்ட பார்ன்ஸ்லி, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் அப்போது நிலக்கரிச் சுரங்க ஊராக இருந்தது. அங்குள்ளவர்களின் பேச்சு புரியாது என்று அமெரிக்க வெளியீட்டுக்காகச் சில பகுதிகளுக்கு மறுபடியும் குரல் பதிவு செய்தார்கள். "ஆங்கிலப் படத்துக்கு ஆங்கில வரிகளா?" என்று நுழைவுச்சீட்டு கொடுத்தவர் சிரித்தார். நம் காப்பிக்கடைப் பேச்சைப் பார்ன்ஸ்லிக்காரர்களிடம் போட்டுக் காட்டினால் அவர்கள் மட்டும் வரிகள் கேட்கமாட்டார்களா?

இயக்குநரைச் சொல்ல மறந்துவிட்டேன்: கென் லோச். பேரி ஹைன்ஸ் 1968இல் எழுதிய நாவலே கதை. பில்லி என்ற சிறுவன் கெஸ்ட்ரல் என்னும் சிறு வேட்டைப் பறவையைப் பிடித்து, கடையில் திருடிய புத்தகத்தைப் படித்தே அதைப் பழக்குகிறான். அண்ணன் சுரங்கத்தில் வேலை செய்கிறான். தம்பியும் அங்கேதான் போவான் என்று ஊரே முடிவு கட்டியிருக்க, வேலை வழிகாட்டும் அதிகாரியிடம் சுரங்கம் மட்டும் வேண்டாம் என்கிறான் பில்லி.

எனக்கு மிகவும் பிடித்தது காற்பந்துக் காட்சி. உடற்கல்வி ஆசிரியர் தம்மையே இங்கிலாந்தின் புகழ்பெற்ற காற்பந்து வீரர் பாபி சார்ல்ட்டனாக எண்ணிக்கொண்டு, தாமே நடுவராக இருந்து தமக்கே பெனால்டி கொடுத்து, அடித்தது கோலாகாமல் போனதும் மறுபடியும் அடிக்கிறார். அரங்கமே சிரித்தது. பிறகு அதே மனிதர் பில்லியைக் குளிர்ந்த நீரின் கீழ் நிறுத்தியபோது, முன்வரிசையில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அடங்கிப்போனார்கள். அந்த ஆசிரியராக நடித்த பிரையன் குளோவர், நிஜ வாழ்வில் ஆசிரியராகவும் மல்யுத்த வீரராகவும் இருந்தவர். அந்த மிடுக்கு பயிற்சியால் வருவதில்லை.

அண்மைக் காலப் படங்களில் இசையை ஊற்றி நம்மை அழவைப்பதை நான் எவ்வளவு வெறுக்கிறேன் என்று முன்பே புலம்பியிருக்கிறேன். இங்கே பறவை பறக்கும்போது ஒளிப்பதிவாளர் கிறிஸ் மெங்கஸ் தொலைவில் நின்று பார்க்கிறார், அவ்வளவுதான்.

சிறுவனும் பறவையும் என்றதும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல நினைக்கும் பெற்றோர், முதலில் தாங்கள் மட்டும் போய்ப் பாருங்கள்; முடிவு அத்தனை கடுமையானது.