மிச்சக் குதிரைய எப்ப அனுப்புவீங்க?

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், எதிரணிக்கு வணக்கம், கேமராவ கழுத்துல இருந்து கழட்டவே மாட்டேன்னு உக்காந்திருக்கற முன்வரிசைக்கும் வணக்கம். அவ்ளோதாங்க வணக்கம். குடுத்ததே பத்து நிமிஷம்.

தலைப்பு என்னன்னா, நாய்க் கண்காட்சி குதிரைக் கண்காட்சியெல்லாம் படம் பிடிக்கறதுக்குச் சிறந்தது கலைநயமா, மரபு முறையா. நான் மரபு, அதாவது நேரா பக்கவாட்டுல நிக்க வெச்சு முழுசா எடுக்கற கட்சி. ஏன் மரபுன்னு கேட்டா, சீட்டு குலுக்கிப் போட்டாங்க, எனக்கு இது விழுந்துச்சு. சிரிக்காதீங்க, எதிரணிக்கும் அப்படித்தான் விழுந்துச்சு. ஆனா அந்த தம்பி பேசுனதக் கேட்டதுக்கப்புறம் எனக்கு விழுந்த சீட்டு குலதெய்வம் எடுத்துக் குடுத்ததுன்னு தோணுது. தம்பி என்ன சொன்னாரு? "மரபு முறையில எடுத்ததெல்லாம் நாய்க்கு எடுத்த ஆதார் கார்டு போட்டோ" அப்படின்னாரு. கை தட்டுனீங்க, விசில் வேற. சரி, அதுக்கு வர்றேன், விடமாட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு குதிரை கதை.

எங்க வீட்டுக்காரம்மாவோட பெரியப்பா கவுந்தப்பாடி பக்கம் தோட்டம் வெச்சிருக்காரு, ரெண்டு மூணு குதிரை வளக்கறாரு. அதுல ஒண்ணு பஞ்சகல்யாணி. இங்க நெறைய பேருக்குத் தெரியும், உடம்பு செவலையா இருந்து நாலு காலும் கீழ வெள்ளை, நெத்தியில இருந்து மூக்கு வரைக்கும் வெள்ளை, ராசியான குதிரைன்னு சொல்லுவாங்க, வெலையும் அப்படித்தான் இருக்கும். ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைக்கு கூட்டிட்டுப் போனாரு. அந்தச் சந்தை உங்களுக்குத் தெரியாததா, மார்வாரி நிக்கும், கத்தியவாரி நிக்கும், ரெண்டு காதும் மேல வளைஞ்சு நுனியோட நுனி முட்டிட்டு நிக்கும் பாருங்க, அதப் பாக்கறதுக்கே பஸ் புடிச்சு வருவாங்க.

மாமாவுக்கு ஒரு பேரன். கோயமுத்தூர்ல விஸ்காம் படிக்கறான். அவன் சொன்னான், "தாத்தா, நீங்க சும்மா இருங்க, நான் ஒரு படம் எடுத்துத் தர்றேன், வாட்ஸப்புல அனுப்புனா போதும், வீடு தேடி வருவாங்க." எடுத்தான். சாயங்காலம் ஆறு மணி, பின்னாடி சூரியன், புழுதி தங்கமா பறக்குது, குதிரை நடுவுல சில்லவுட், அதாவது வெறும் கருப்பு நெழலாட்டம். பாத்தவங்க எல்லாம் ஆஹா ஓஹோன்னாங்க, இன்ஸ்டால லைக் கொட்டுது. மாமாவும் பெருமையா தேனி மாவட்டம் கம்பம் ஊர்ப்பக்கம் குதிரை வாங்கற ஒரு பார்ட்டிக்கு அனுப்பிட்டாரு.

உடனே போன் வந்துருச்சு.

"படம் வந்துச்சுங்க. குதிரை என்ன கலருங்க?"

"செவலைங்க. பஞ்சகல்யாணி. நாலு காலும் வெள்ளை, மூஞ்சியும் வெள்ளை."

"படத்துல முழுக் கருப்பா இருக்குதுங்களே?"

"அது சாயங்காலம் எடுத்ததுங்க."

"சாயங்காலம் ஆனா உங்க குதிரை கலரு மாறிக்குமாங்க?"

மாமாவுக்கு வேர்த்துருச்சு. கம்பத்துக்காரர் விடல. "சுழி எப்படிங்க? எங்கெங்க இருக்குது?" குதிரை வாங்கறவன் மொதல்ல கேக்கறது சுழிதானே, அதான் ஒடம்புல முடி சுழிச்சு நிக்கற எடம், நெத்திச் சுழி, கழுத்துச் சுழி, ஒரு சுழி எடம் தப்பி இருந்தா இனாமா குடுத்தாலும் ஓட்டிட்டுப் போக மாட்டாங்க. கருப்பு நெழல்ல சுழிய எங்க போய் தேடறது? மாமா பேரனப் பாக்கறாரு. பேரன் சொல்றான், "தாத்தா, அவருக்கு டீடெய்ல் வேணும் போல, இருங்க." ரெண்டாவது படம் அனுப்பறான். என்ன படம்? கண்ணு. குதிரையோட ஒத்தக் கண்ணு, குளோசப், ஒவ்வொரு எமையும் தனித்தனியா தெரியுது, கண்ணுக்குள்ள அந்தியூர் ராட்டினம் குட்டியா தெரியுது. பிரமாதம். பொய் சொல்லக் கூடாதுங்க, நெசமாவே பிரமாதமான படம்.

கம்பத்துக்காரர் போன் பண்ணாரு. "கண்ணு வந்து சேந்துச்சுங்க. நல்லா இருக்குது. மிச்சக் குதிரைய எப்ப அனுப்புவீங்க?"

பின்வரிசைக்கு கேக்கல போல, இன்னொரு தடவை சொல்றேன். "கண்ணு வந்து சேந்துச்சுங்க, மிச்சக் குதிரைய எப்ப அனுப்புவீங்க?"

பேரனுக்கு ரோஷம் வந்துருச்சு. மூணாவது படம். ஷட்டர் ஸ்பீட கொறச்சு, குதிரை ஓட ஓட கேமராவையும் கூடவே திருப்பி, பேனிங் ஷாட். பின்னாடி மரம், ஆளு, பலூன்காரன் எல்லாம் கோடு கோடா போகுது. குதிரையும் பாதி கோடாத்தான் போகுது. கம்பத்துக்காரர் இந்த தடவை கோவப்படல, ரொம்ப மரியாதையா கேட்டாரு. "ஏனுங்க, நேத்து குதிரை கருப்பா இருந்துச்சு, இன்னிக்கு காலையில வெறும் கண்ணா இருந்துச்சு, இப்ப ஆவியா போகுது. குதிரை உசுரோட இருக்குதுங்களா?"

கடைசில என்ன பண்ணாங்க? ஊர்ல பழைய ஸ்டுடியோக்காரர் ஒருத்தர், கல்யாணம் காதுகுத்து எடுக்கறவரு, அவரக் கூட்டிட்டு வந்தாங்க. மனுசன் வந்தாரு, குதிரைய சமதரைல பக்கவாட்டுல நிறுத்துனாரு, நாலு காலும் தனித்தனியா தெரியற மாதிரி ஒரு கால கொஞ்சம் முன்ன ஒரு கால கொஞ்சம் பின்ன வெக்கச் சொன்னாரு, ஒருத்தன விட்டு பிளாஸ்டிக் கவர கசக்கச் சொன்னாரு, காது ரெண்டும் நட்டுக்கிச்சு, டக். முடிஞ்சுது. கம்பத்துக்காரர் மறுநா காலைல அட்வான்ஸோட வந்துட்டாரு. மொதல் படத்துக்கு ஆயிரம் லைக், இந்தப் படத்துக்கு அட்வான்ஸ். எது ஜெயிச்சுதுன்னு நடுவரே சொல்லட்டும்.

இப்ப ஆதார் கார்டுக்கு வர்றேன்.

தம்பி, நாய நேரா நிக்க வெச்சு ஒரு படம் எடுத்துப் பாத்திருக்கீங்களா? ஷோல அதுக்கு ஸ்டாக் பண்றதும்பாங்க. முன்னங்கால் ரெண்டும் தோளுக்கு நேர் கீழ செங்குத்தா எறங்கணும், பின்னங்கால் கணுவுக்குக் கீழ தரைக்கு நேரா நிக்கணும், முதுகு எப்படி ஓடுதுன்னு தெரியணும், தலை தூக்கி இருக்கணும், காதும் வாலும் அந்தந்த ஜாதிக்கு எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கணும். இத்தனையும் ஒரே நொடியில அமையணும். கேமரா நாயோட ஒசரத்துல இருக்கணும், அப்ப எடுக்கறவன் எங்க இருப்பான்? மண்ணுல. முட்டி போட்டு, சில சமயம் படுத்து. மேல நின்னுட்டு கீழ பாத்து எடுத்தா கால் குட்டையாயிரும், பக்கத்துல போய் வைட் லென்ஸ்ல எடுத்தா மூக்கு பூசணிக்காயாட்டம் வந்து பின்னாடி இருக்கற இடுப்பு காணாமப் போயிரும். அதனால தள்ளி நின்னு 135 மி.மீ., 200 மி.மீ.ன்னு தூரத்த கிட்ட காட்டற லென்ஸ் போட்டு எடுக்கறாங்க. இதுல நாய புடிச்சிருக்கறவரு ஒரு கால சரி பண்ணா இன்னொரு கால நாய் மாத்தும், அத சரி பண்ணா கொட்டாவி விடும், எல்லாம் அமைஞ்சு வர்றப்ப பக்கத்து ரிங்குல, அதான் நாய்ங்கள நடுவர் பாக்கற வளையத்துல, ஒரு பொமரேனியன் குலைக்கும், முடிஞ்சுது, மறுபடியும் மொதல்ல இருந்து.

வெயில வேற பாருங்க. ராஜபாளையம் நாய், சுத்த வெள்ளை, மூக்கு ரோஸ் கலர். பதினோரு மணி வெயில்ல எடுத்தா வெள்ளை எரிஞ்சு போய் நாய் எடத்துல நாய் வடிவத்துல ஒரு ஓட்டைதான் இருக்கும். அடுத்து வர்றது கன்னி நாய். கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேல செம்பழுப்புல ரெண்டு பொட்டு. மொத நாய்க்கு வெச்ச செட்டிங்ல இத எடுத்தா வெறும் கருப்பு. அதுக்கடுத்தது சிப்பிப்பாறை, வயிறு ஒட்டிப்போய் மேல ஏறி இருக்கும், அந்த வளைவு பக்கவாட்டுல மட்டும்தான் தெரியும். அஞ்சு நிமிஷத்துல இந்த மூணையும் ஒழுங்கா எடுக்கறவன் கலைஞன் இல்லன்னா வேற யாரு? ஆதார் சென்டர்ல படுத்துட்டு போட்டோ எடுத்து நான் இதுவரைக்கும் பாத்ததில்ல தம்பி.

இன்னொண்ணு. கோம்பை நாயப் பத்தி நாலு பேரு பேச உக்காந்தா அஞ்சு சண்டை வருது. இதுதான் அசல், அது கலப்பு, மூக்கு கருப்பா இருக்கணும், இல்ல அப்படி இல்லன்னு. ஏன் சண்டை? நூறு வருஷத்துக்கு முன்னாடி யாராச்சும் அத நேரா நிக்க வெச்சு வரிசையா படம் எடுத்து வெச்சிருந்தா எடுத்துக் காட்டிட்டு போயிரலாம்ல? இன்னிக்கு உங்க ஆளு எடுக்கற சில்லவுட்ட வெச்சுட்டு நாளைக்கு எவன் என்ன முடிவு பண்ணுவான், அது கோம்பையா கழுதையான்னே தெரியாது.

எதிரணித் தங்கச்சி நல்லாவே பேசுனாங்க. மைபிரிட்ஜ சொன்னாங்க. 1878ல கலிஃபோர்னியால பாலோ ஆல்டோங்கற எடத்துல, ஓடற குதிரைய படம் புடிச்சு உலகத்தையே அசர வெச்ச கலைஞன்னாங்க. தங்கச்சி, நீங்க எங்க ஆள உங்க லிஸ்ட்ல சேத்துட்டீங்க. அவரு என்ன பண்ணாரு? ஓடுபாதை ஓரமா கேமராவ வரிசையா நட்டு வெச்சாரு, எதுத்தாப்புல வெள்ளைத் திரை, அதுல நம்பர் போட்ட கோடு, குதிரை குறுக்க ஓடுது, பக்கவாட்டுப் படம். இதவிட மரபான படம் உலகத்துல உண்டா? அதுக்கு முன்னாடி கலைஞர்கள் என்ன பண்ணிட்டு இருந்தாங்க? ஓடற குதிரைக்கு முன்னங்கால் ரெண்டும் முன்னாடி நீட்டி, பின்னங்கால் ரெண்டும் பின்னாடி நீட்டி, தவ்வற முயலாட்டம் வரைஞ்சாங்க. ஜெரிகோன்னு பெரிய பிரெஞ்சு ஓவியர், 1821ல இங்கிலாந்து எப்சம் பந்தயத்த வரைஞ்சாரு, எல்லாக் குதிரையும் அப்படித்தான் பறக்குது, பாக்க ஜோரா இருக்குது. ஆனா குதிரை அப்படி ஓடாது. நாலு காலும் தரைய விட்டு எழும்பறப்ப எல்லாம் வயித்துக்கு கீழ சுருங்கி இருக்கும். அத சொன்னது யாரு? எங்காளு. கலை அத்தன காலமா தப்பா வரைஞ்சத நேரா நின்னு எடுத்த படம் திருத்துச்சு.

அப்புறம் அந்த வாட்டர்மார்க் விஷயம், சொல்லாம போனா எனக்கு தூக்கம் வராது. ஊட்டில மே மாச சீசன்ல நாய்க் கண்காட்சி நடக்குதுல்ல, அங்க எடுத்ததுன்னு ஒரு ஆர்ட் படம் பாத்தேன். பனி, புல்லு, தூரத்துல மரம். நாயோட வால் ஃபிரேமுக்கு வெளிய. ஒரு காது வெளிய. ஆனா எடுத்தவரோட பேரு மட்டும் கீழ வலது மூலைல ஒரு எழுத்து வெட்டாம முழுசா இருக்குது. அப்ப அது யாரு போட்டோங்க? வளத்தவன் பால் ஊத்தி, முட்டை வெச்சு, தடுப்பூசி போட்டு, ராத்திரி முழுக்க வேன்ல கூட்டிட்டு வந்திருக்கான், அவன் நாயோட வால அவனுக்கு குடுங்கய்யா.

நடுவர் ஐயா மணிமேல கைய வெச்சுட்டாரு. ஐயா, ஒரு நிமிஷம், இத மட்டும் சொல்லிட்டு எறங்கிடறேன்.

ராஜபாளையத்துல எனக்கு ஒரு நண்பன். அவங்க அப்பா மில்லுல வேலை பாத்தவரு. சம்பளம் எவ்வளவு இருக்கும்னு உங்களுக்கே தெரியும், அதுல ஒரு நாய் வளத்தாரு. ஊர் பேர வெச்ச நாய்தான், வெள்ளை வெளேர்னு. ஒரு தடவை ஷோவுக்கு கூட்டிட்டுப் போனாரு, பக்கத்து வீட்டு சட்டைய வாங்கிப் போட்டுட்டு. பரிசு வாங்குச்சு. ரிங்குக்குள்ள போட்டோ எடுத்தாங்க. நம்ம தம்பி சொல்ற அதே ஆதார் போட்டோ, நாய் பக்கவாட்டுல நிக்குது, அவரு பின்னாடி முட்டி போட்டு ஒரு கையால தாடையையும் ஒரு கையால வாலையும் புடிச்சிருக்காரு, ஓரத்துல ரொசெட், பரிசுக்கு குடுக்கற ரிப்பன் பூ.

நாய் போயிருச்சு. அப்புறம் சில வருஷம் கழிச்சு அவரும் போயிட்டாரு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கணும், ராத்திரியோட ராத்திரியா. வீடு பூரா தேடறாங்க, அவரு படம் ஒண்ணு கெடைக்கல. கல்யாண ஆல்பம் கரையான் அரிச்சிருச்சு. மனுசன் கேமராவக் கண்டா நகந்து போற ஆளு. கெடைச்சது அந்த ஷோ போட்டோ ஒண்ணுதான். அதுல இருந்துதான் முகத்த வெட்டி எடுத்து போஸ்டர் அடிச்சாங்க. கம்ப்யூட்டர்ல வெட்டுன பையன் கேட்டிருக்கான், "அண்ணே, தோள்பட்டைகிட்ட வெள்ளையா நாய் காது ஒண்ணு நிக்குது, அழிச்சிரட்டுமா?" அவங்க அம்மா அழுதுட்டே சொன்னாங்களாம், "அது இருக்கட்டும்ப்பா. அது இல்லன்னா அவரு சிரிச்சிருக்கவே மாட்டாரு."

அந்த போஸ்டர நான் பாத்தேங்க. ஊர் சுவர் பூரா ஒட்டியிருந்துச்சு. அப்பா சிரிக்கறாரு, பக்கத்துல ஒரு வெள்ளைக் காது.

இதுல தர்க்கம் எங்க இருக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க. மணி அடிங்க ஐயா, பரவால்ல. ஆனா அடுத்து பேச வர்ற எதிரணி அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி, மைக்க புடிச்ச ஒடனே மொதல்ல இதுக்கு பதில் சொல்லணும்: பின்னணிய பூரா பிளர் பண்ணிட்டு, நாய் கண்ண மட்டும் ஷார்ப்பா எடுக்கற உங்க படத்துல, எங்க நண்பனோட அப்பா எங்கண்ணே நின்னிருப்பாரு?

வர்றேன், வணக்கம்.