நல்ல பாக்கெட் டார்ச்: முதல் அழுத்தில் எவ்வளவு வெளிச்சம்?

(திரை இருட்டாக இருக்கிறது. ஒரு கிளிக் சத்தம். அறை முழுக்க வெள்ளை வெளிச்சம் பாய்கிறது.)

நடுராத்திரி. பக்கத்தில் குழந்தை தூங்குகிறது. தண்ணீர் பாட்டிலைத் தேடுவதற்காக டார்ச்சை அழுத்துகிறீர்கள். பளீரென்று வெளிச்சம். உங்கள் கண் கூசுகிறது, குழந்தை சிணுங்குகிறது. சட்டென்று அணைக்கிறீர்கள். இப்போது, கொஞ்சம் முன்னால் மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்த கதவுகூடத் தெரியவில்லை.

நம் கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அந்தப் பழக்கத்தைக் கெடுக்க ஒரு நொடி பலத்த வெளிச்சம் போதும். அதனால் டார்ச் வாங்கும்போது, "அதிகபட்சம் எத்தனை லூமென்?" என்பதற்கு முன்னால் நான் கேட்கும் கேள்வி வேறு: குறைந்தபட்சம் எத்தனை?

(திரையில்: ஒரு மெழுகுவத்தி, பக்கத்தில் விரல் அளவு டார்ச்.)

லூமென் என்பது ஒரு விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த ஒளியின் அளவு. ஒரு மெழுகுவத்தி எல்லாத் திசையிலும் சேர்த்து சுமார் 12 லூமென் தரும். டார்ச் அந்த ஒளியை ஒரே பக்கம் குவிக்கிறது. அதனால் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அரை லூமெனே போதும். கால் வைக்கும் இடம் தெரியும், பையில் சாவி எங்கே கிடக்கிறது என்று தெரியும். இந்த அளவில் எரியும் டார்ச், ஒரே ஒரு ஏ.ஏ. செல்லில் நாள்கணக்கில் ஓடும். மின்சாரம் போய் இரண்டு மூன்று நாள் வராவிட்டால் கைகொடுக்கப் போவது இந்த அரை லூமென்தான்.

என் கணக்கில் நான்கு நிலைகள் வேண்டும். அரை லூமென், அப்புறம் வீட்டுக்குள் நடமாட 30 அல்லது 40, வெளியே நடக்க 150, எப்போதாவது தூரத்தில் பார்க்க ஒரு உச்ச நிலை. முதல் அழுத்தில் எப்போதும் மிகக் குறைந்ததுதான் எரிய வேண்டும். பல டார்ச்சுகள் கடைசியாகப் பயன்படுத்திய நிலையை ஞாபகம் வைத்துக்கொள்கின்றன. கேட்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் நேற்று மாலை உச்சத்தில் வைத்து அணைத்திருந்தால், இன்று ராத்திரி குழந்தை எழுந்துவிடும்.

சரி, உச்ச நிலையைப் பார்ப்போம். பெட்டியில் 1000 லூமென் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். எல்இடி தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் பெரும் பங்கைச் சூடாக மாற்றுகிறது. விரல் அளவு உலோகத்தால் அந்தச் சூட்டை வேகமாக வெளியேற்ற முடியாது. ஒன்றிரண்டு நிமிடத்தில் டார்ச்சே தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைக்காவிட்டால் கையில் பிடிக்க முடியாது. இது பழுது இல்லை, பாதுகாப்பு.

(திரையில்: பெட்டியின் பின்பக்கம், பெரிதாக்கிக் காட்டப்படுகிறது.)

பெட்டியில் உள்ள எண்களைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2009-ல் வந்த எஃப்.எல். 1 என்ற தரமுறையைப் பல தயாரிப்பாளர்கள் பின்பற்றுகிறார்கள். அதில் "தூரம் 100 மீட்டர்" என்றால், அங்கே விழும் ஒளி கால் லக்ஸ், அதாவது ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி அளவு. அந்த வெளிச்சத்தில் ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. தூரத்தை இரண்டு மடங்காக்க, ஒளிக்கற்றையின் செறிவு நான்கு மடங்காக வேண்டும். "ஓடும் நேரம்" என்பதும் வெளிச்சம் தொடக்க அளவில் 10 சதவீதமாகக் குறையும் வரை எண்ணிய நேரம். ஐந்து மணி நேரம் என்று போட்டிருந்தால், ஐந்து மணி நேரமும் ஒரே பிரகாசம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது நிறம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மலிவான எல்இடியின் நீலம் கலந்த வெள்ளையில் சிவப்பு செத்துப்போகும். பழுப்பு ஒயர் எது, சிவப்பு ஒயர் எது என்று குழம்பும். காயத்தில் ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பதுகூடச் சிரமம். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்ற அளவு இருக்கிறது, உச்சம் 100. சாதாரண டார்ச் எல்இடி 70 அளவில் இருக்கும். 90-க்கு மேல் உள்ளதைத் தேடுங்கள். அதற்காகக் கொஞ்சம் லூமென் குறைந்தாலும் பரவாயில்லை.

பேட்டரி விஷயத்தில் என் தேர்வு, கழற்றி மாற்றக்கூடிய ஒரு ஏ.ஏ. செல். எங்கும் கிடைக்கும், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்லும் அதே அளவில் உண்டு. சாதாரண ஆல்கலைன் செல்லை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவைக்காதீர்கள். அது கசிந்தால் உள்ளே இருக்கும் உலோகத் தொடர்புகளை அரித்துவிடும். இன்னொரு எச்சரிக்கை: 14500 என்ற லித்தியம் செல் பார்ப்பதற்கு அச்சு அசல் ஏ.ஏ. மாதிரியே இருக்கும். ஆனால் ஏ.ஏ. ஆல்கலைன் 1.5 வோல்ட், இது 3.7. இதற்கென்று வடிவமைக்காத டார்ச்சில் போட்டால் உள்ளே இருக்கும் சர்க்யூட் கருகிவிடலாம். யூஎஸ்பி வழியாக நேரடியாக சார்ஜ் ஆகும் டார்ச் வசதிதான். செல்லை மாற்ற முடியாதபடி அடைத்திருந்தால் மட்டும் நான் வாங்க மாட்டேன். செல் தேய்ந்ததும் முழு டார்ச்சும் குப்பைக்குப் போய்விடும்.

(திரையில்: சட்டைப் பைக்குள் ஒளிரும் டார்ச்.)

பாக்கெட்டுக்குள் தானாக எரிந்துவிடுவது சின்ன விஷயம் இல்லை. உச்ச நிலையில் எரிந்தால் துணி பொசுங்கும் அளவுக்குச் சூடாகலாம். ஸ்விட்ச் உள்ளடங்கி இருக்க வேண்டும். கூடவே, பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் மின்சுற்று துண்டிக்கப்படும் அமைப்பு இருந்தால் முழு நிம்மதி.

மழையில் நனைந்தால் கெடாத காப்பு, உருண்டு ஓடாமல் தடுக்கும் ஒரு கிளிப், நிமிர்த்தி வைக்கத் தட்டையான அடிப்பாகம். நிமிர்த்தி வைத்தால் ஒளி கூரையில் பட்டுச் சிதறி அறைக்கே விளக்காகிவிடும்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு டார்ச் இருக்கும். இன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு 20 நிமிடம் இருட்டில் உட்காருங்கள். பிறகு டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடித்து ஒருமுறை அழுத்தி, உடனே அணையுங்கள். கதவும் ஜன்னலும் முன்பு போலவே மங்கலாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.