சிற்றாற்று ட்ரவுட்: குறை சரளையில்

நண்பர்களே, ஆற்றில் ட்ரவுட் மீன் குறைந்துவிட்டது என்றதும், பண்ணைக் குஞ்சு வாங்கி விட்டுவிடலாம் என்பார்கள். அவசரப்பட வேண்டாம். பண்ணை மீன் இரைக்கும் இடத்துக்கும் காட்டு மீனோடு போட்டியிடும். அதோடு கலந்து இனப்பெருக்கமும் செய்யும். சிற்றாறுகளில் குறை பெரும்பாலும் அடியில் கிடக்கும் சரளையில்தான்.

பழுப்பு ட்ரவுட் இலையுதிர் காலக் கடைசியிலும் குளிர்காலத் தொடக்கத்திலும் முட்டையிடும். தாய்மீன் ஒருக்களித்து, வாலால் அடித்துச் சரளையில் குழி பறிக்கும். முட்டையிட்டபின் நீரோட்டத்துக்கு எதிராகச் சற்று மேலே போய் மறுபடி பறிக்கும். அந்தக் கற்கள் உருண்டு வந்து முட்டையை மூடும். ஆகவே முட்டை கண்ணுக்குத் தெரியும் குழியில் இல்லை, நீரோட்டத்தில் அதற்குக் கீழ்ப்புறம் உள்ள மேட்டில் இருக்கிறது. சுற்றிலும் கற்கள் பாசியேறிக் கறுத்திருக்க, அந்த மேடு மட்டும் பளிச்சென்று தெரியும். ஆற்றில் இறங்குபவர் அதில்தான் காலை வைப்பார்!

பொரிக்கச் சுமார் 410 டிகிரி-நாள் ஆகும், அதாவது ஒவ்வொரு நாளின் நீர் வெப்பநிலையையும் கூட்டினால் 410 வர வேண்டும். தண்ணீர் 5 டிகிரி செல்சியஸ் என்றால் ஏறக்குறைய 82 நாள். பொரித்த குஞ்சும் மஞ்சள்கருப் பையைச் சுமந்தபடி வாரக்கணக்கில் கல்லிடுக்கிலேயே கிடக்கும். அதுவரை இடுக்குகளில் தண்ணீர் ஓடியாக வேண்டும். மாடுகள் மிதித்த கரையும் உழுத சரிவும் ஒரே மழையில் வண்டலைக் கொண்டுவந்து அடைத்துவிடும். ஆக்சிஜன் இல்லாமல் முட்டை செத்துப்போகும்.

குறை எங்கே என்று எப்படி அறிவது? கோடைக் கடைசியில், அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்களைக் கொண்டு மின்மீன்பிடிப்புக் கணக்கெடுப்பு (தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி மீனை மயக்கிப் பிடித்து எண்ணுவது) நடத்துங்கள். ஆற்றின் ஒரு துண்டை இரு முனையிலும் வலையால் மறித்து, இரண்டு முறை பிடிக்க வேண்டும். முதல்முறை 60, அடுத்தமுறை 20 என்றால், 60-ஐ 60-ஆல் பெருக்கி, வித்தியாசமான 40-ஆல் வகுங்கள்: 90 மீன். முதல்முறை தப்பியவை அடுத்தமுறை பிடிபடுவது கடினம் என்பதால் உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

வயதுவாரியாகவும் பிரித்துப் பாருங்கள். பெரிய மீன் இருந்து அந்த ஆண்டுக் குஞ்சு இல்லையென்றால் முதலில் சரளையைச் சந்தேகியுங்கள். குஞ்சு ஏராளமாக இருந்து ஓராண்டு மீன் இல்லையென்றால், ஒளிய இடமும் ஆழமும் போதவில்லையா என்று பாருங்கள். அங்கே கரையோர மரக்கிளைகள் தண்ணீரில் கிடக்கட்டும், வெட்டி அகற்றாதீர்கள்.

வண்டலை நீக்கச் சரளையைக் கிளறுவதற்கு முன் கரையில் வேலி போடுங்கள். இல்லையேல் அடுத்த வெள்ளத்தில் வண்டல் திரும்ப வரும். முட்டையிடும் காலத்துக்கு முன்பே இரும்பு வாரியால் கிளறுங்கள். நீரோட்டத்தின் போக்கில் மேலிருந்து கீழ்நோக்கி வர வேண்டும். கீழே தொடங்கினால், பிறகு மேலே கிளறும் வண்டல் ஏற்கெனவே சுத்தம் செய்த இடத்தில் படியும்.