செவர்ன் ஆறு பின்னாடி ஓடுது, பாருங்க!

வணக்கம் மக்களே! கேமரா ஆடுதுன்னு திட்டாதீங்க, ஏப்ரல் மாசக் காலைக்குளிர்ல கை விறைச்சுப் போச்சு. இங்கிலாந்துல, க்ளாஸ்டர் பக்கத்துல மின்ஸ்டர்வொர்த்ங்கிற கிராமத்துல, செவர்ன் ஆத்தங்கரையில நிக்கிறேன். ஆத்துல அலை வர்ற நேரத்தைச் சொல்ற அட்டவணையில இருக்கிறது கிரீன்விச் நேரம். கோடையில ஒரு மணி நேரம் கூட்டிக்கணும். நான் மறந்துட்டு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து காவல் காக்குறேன்.

வெயிட் பண்றது எதுக்குன்னா, ‘செவர்ன் போர்’. நம்ம ‘போர் அடிக்குது’ இல்ல, கடல் ஏறும்போது ஆத்துக்குள்ள எதிர்த்து வர்ற அலை!

அதுக்குள்ள ஆத்தோட ஜாதகத்தைச் சொல்லிடுறேன். வேல்ஸ்ல ப்ளின்லிமன் மலை. அங்க 600 மீட்டர் உயரத்துல, கால் வச்சா புதையுற சதுப்புல பொறக்குது. வேல்ஸ்காரங்களுக்கு இது ஹாவ்ரென். வை ஆறும் அதே மலைதான்; கூடப்பொறந்ததுங்க ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் போய், கடைசியில செப்ஸ்டோ தாண்டித்தான் சந்திச்சுக்குதுங்க. மொத்தம் 354 கிலோமீட்டர், பிரிட்டன்லயே நீளமான ஆறு. நடுவுல ஷ்ரூஸ்பரி ஊரை ஒரு வளையம் போட்டுட்டு வரும். 1781-ல திறந்த வார்ப்பிரும்புப் பாலம் இருக்கிற அயர்ன்பிரிட்ஜும் இதே கரைதான், அதுக்குத் தனி வீடியோ போடுறேன்.

இப்ப தண்ணியப் பாருங்க. டீ கலர்ல, என் இடது கைப் பக்கமா, கடலைப் பார்த்து சோம்பேறியா போகுது. ஆனா கடல் பக்கம் ஏவன்மவுத்துல தண்ணி ஏறி இறங்குற வித்தியாசமே 14 மீட்டர் வரைக்கும் போகும். நாலு மாடி! அங்க அகலம் எட்டு கிலோமீட்டர், இங்க நூறு மீட்டர்கூட இல்ல. புனல்ல ஊத்தின மாதிரி ஏறுற கடல் நெருக்கி, ஆழமும் குறையக் குறைய, அலையா எழும்புது. அமாவாசை, பௌர்ணமி முடிஞ்ச ஒண்ணு ரெண்டு நாள்ல, அதுவும் மார்ச், செப்டம்பர் ஒட்டித்தான் பெருசா வரும்.

இருங்க இருங்க... சத்தம் கேக்குதா? தூரத்துல லாரி வர்ற மாதிரி? அந்த வாத்துங்க கரையேறிடுச்சு பாருங்க, அதுங்களுக்குத் தெரியும்.

வந்துருச்சு! கரைக்குக் கரை ஒரே கோடு! ஓரத்துல மரக்கிளையெல்லாம் அடிச்சு நொறுக்குது! அய்யோ, அதுமேல சர்ஃபிங் பண்றாங்க! ரெண்டாம் உலகப்போர்ல வாளோட சண்டைக்குப் போன பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜாக் சர்ச்சில்தான் 1955-ல இதை முதல்ல செஞ்சாராம். அந்த ஆளுக்கு இது பொருத்தந்தான்.

போயிடுச்சு. எல்லாரும் காருக்குக் கிளம்புறாங்க. போகாதீங்கப்பா! எனக்குப் பிடிச்சதே இனிமேதான். அந்தக் கட்டையப் பாருங்க, மலையைப் பார்த்துப் போகுது. ஏடு எதிரேறுன கதை கேட்டிருக்கோம், இங்க ஆறே எதிரேறுது. மட்டமும் இன்னும் ஏறிக்கிட்டேதான் இருக்கும். நான் நின்ன அந்தக் கல் இப்பவே காணோம்... ஏய், ஷூக்குள்ள தண்ணி! இருங்க, மேல ஏறிட்டு வர்றேன்.