சோறு வேகும் நேரம் போதும்: தங்கச்சிமடத்திலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு முதல் கேள்வி தங்கச்சிமடத்தில் இருக்கிற ஒரு தங்கையிடமிருந்து. அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன். "அக்கா, எனக்கு 33 வயது. மூத்தவனுக்கு 7, சின்னவளுக்கு 3. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார், வாரத்தில் மூன்று நாள் கடல். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை வேலைதான். ஒரு நாளைக்கு ஏழெட்டுக் குடம் தூக்குகிறேன். ஆனாலும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சாயங்காலம் ஆனால் இடுப்பு விட்டுப்போகிறது. இவ்வளவு வேலை செய்கிற எனக்கு உடற்பயிற்சி வேறு வேண்டுமா? வேண்டும் என்றால் ஜிம்முக்குப் போக வழியில்லை, நேரமும் இல்லை. வீட்டிலேயே என்ன செய்யலாம்?"

வேண்டும் தங்கச்சி. வீட்டு வேலை பார்க்கிறவளுக்கு எதற்கு உடற்பயிற்சி என்று மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டில் கேட்பார்கள், நானே முன்னால் அப்படி நினைத்தவள்தான். உடம்பு அலுத்துப்போவது வேறு, உடம்பு வலுவாவது வேறு. பத்து வருஷமாக அதே குடம், அதே தூரம், அதே இடுப்பு. 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ, அந்தப் பாரத்துக்கு உடம்பு முதல் சில மாதத்திலேயே பழகிவிட்டது, அதற்கு மேல் வலுவாக அதற்குத் தேவையே இல்லை. தசை வலுவாக வேண்டும் என்றால் பாரமோ அசைவோ கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகிக்கொண்டே வரவேண்டும், வீட்டு வேலையில் அது நடக்காது.

அப்புறம் இன்னொன்று. நாம் செய்கிற வேலையெல்லாம் எந்தப் பக்கம் என்று யோசித்துப் பாருங்கள். வாசல் கூட்டுவது, துணி துவைப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, அரிவாள்மனை போட்டு உட்கார்ந்து ஒரு கூடைச் சூடை மீனை ஆய்வது, எல்லாமே முன்னால் குனிந்துதான். பிட்டத்துத் தசைக்கும் முதுகின் மேல்பாதிக்கும் சரியான வேலையே இல்லை, அவை செய்யவேண்டியதையும் சேர்த்து இடுப்பு சுமக்கிறது. முன்பு கிணற்றில் கயிறு போட்டு இறைத்தார்கள், அதில் முதுகும் தோளும் நன்றாக வேலை செய்தன. இப்போது குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கிறோம், குடம் நிறைந்ததும் இடுப்பில் ஏற்றுகிறோம், அதுவும் எப்போதும் ஒரே பக்கம். நாளைக்கே ஒரு காரியம் செய்யுங்கள், ஒரு நடை இடது இடுப்பு, அடுத்த நடை வலது இடுப்பு. முதல் நாள் தண்ணீர் தளும்பும், நடை கோணும், ஒரு வாரத்தில் பழகிவிடும். இதற்குத் தனியாக ஒரு நிமிஷம்கூட வேண்டாம்.

நேரம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்று சொல்கிறது. முன்பெல்லாம் ஒரு தடவைக்குப் பத்து நிமிஷமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று வைத்திருந்தார்கள், 2020இல் வந்த வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிஷம் செய்தாலும் அது கணக்கில் சேரும். பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. அரை மணி நேரம் தனியாகக் கிடைக்கும் என்று காத்திருந்தால் சின்னவள் பத்தாவது படிக்கிற வரை காத்திருக்க வேண்டியதுதான்.

செய்யக்கூடாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், நான் பட்டது அது. இரண்டாவது குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது ஒரு வீடியோவைப் பார்த்து சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நூறு குதி குதித்தேன், மறுநாளும் நூறு. மூன்றாம் நாள் வலது முழங்கால் வீங்கி, மூன்று வாரம் படியில் ஒரு காலை வைத்து ஏறினேன், குழந்தையைத் தூக்க முடியவில்லை. அதனால் முதல் இரண்டு மாதம் நீங்கள் குதிக்கவே வேண்டாம்.

சரி, என்ன செய்வது? நான்கு அசைவு போதும். ஒவ்வொன்றையும் ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள்.

உலை வைத்துவிட்டு நிற்கிறீர்கள் அல்லவா, அது தண்டாலுக்கு. தரையில் வேண்டாம், சுவரில். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்று, உள்ளங்கையைத் தோள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே ஊன்றி, உச்சியிலிருந்து குதிகால் வரை ஒரே கோடாக வைத்துக்கொண்டு மார்பைச் சுவர் பக்கம் கொண்டுபோங்கள், மூன்று எண்ணி இறங்கி ஒன்று எண்ணித் தள்ளுங்கள். 15 தடவை சுலபமாக வந்தால் அடுத்த வாரம் சமையல் மேடை விளிம்பில், ஆனால் அந்தக் கல் ஆடாமல் இருக்க வேண்டும், ஈரம் இருக்கக்கூடாது, அடுப்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். அதுவும் சுலபமானால் திண்ணை விளிம்பில், அதற்குப் பிறகு தரை. கை ஊன்றுகிற இடம் தாழத் தாழப் பாரம் கூடும், ஒரு ரூபாய் செலவில்லாமல் ஜிம்மில் எடை கூட்டுகிற மாதிரிதான் இது. சுவரிலிருந்து தரைக்கு வர ஆறு மாதம் ஆகலாம், ஆகட்டும்.

இரண்டாவது பஸ்கி, அதாவது உட்கார்ந்து எழுவது. அது உங்களுக்குப் புதிதில்லை, தோப்புக்கரணம் போட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் அவர் குந்தி உட்காருவதைப் பாருங்கள், குதிகால் தரையை விட்டு எழும்பாது. மீன் ஆய்ந்து முடித்து எழும்போது கையைத் தரையில் ஊன்றுகிறீர்களா என்று இன்றைக்குக் கவனியுங்கள், ஊன்றினால் தொடையும் பிட்டமும் வலு குறைந்திருக்கலாம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கையை முன்னால் நீட்டி எழுந்திருங்கள், மறுபடி மெதுவாக உட்காருங்கள், பிட்டம் நாற்காலியைத் தொட்டதும் பொத்தென்று விழாமல் அப்படியே எழ வேண்டும். முழங்கால் உள்ளே மடங்காமல் கால்விரல் பார்க்கிற திசையிலேயே போகட்டும். பத்து தடவை. பல் தேய்க்கும்போது செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் மூத்தவனுக்குப் பாடம் கேட்கும்போது செய்வேன், அவன் வாய்ப்பாடு சொல்ல நான் உட்கார்ந்து எழுவேன். சுலபமானதும் சின்னவளை முதுகில் ஏற்றிக்கொள்ளுங்கள், அவளும் வளர வளரப் பாரமும் தானாகக் கூடும்.

மூன்றாவது, படுத்துக்கொண்டு இடுப்பைத் தூக்குவது. உங்கள் இடுப்பு வலிக்கு நான் அதிகம் நம்புவது இதைத்தான். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி, பிட்டத்தை இறுக்கி இடுப்பை மேலே தூக்கி மூன்று எண்ணி இறக்க வேண்டும். என் பிள்ளைகள் இதற்குப் பாம்பன் பாலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தப் பாலம் என்பதும் முக்கியம்: பழைய பாலத்தில் கப்பலுக்கு வழிவிடும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் சாய்ந்து எழும்பும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுவில் இருக்கிற 72.5 மீட்டர் துண்டு முழுசாக, இரு நுனியும் ஒரே மட்டத்தில் நேராக மேலே போகும். உங்கள் இடுப்பும் புதுப் பாலம் மாதிரிதான் எழும்ப வேண்டும், இடது வலது ஒரே உயரத்தில், ஒரு பக்கம் சாயாமல். என் சின்னவள் அடியில் பொம்மைக் கப்பலை விட்டு விளையாடுவாள், அது போய் முடிகிற வரை இறக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. இரவில் பாய் விரித்ததும் 12 தடவை செய்துவிட்டுப் படுங்கள்.

நான்காவது இழுப்பது, வீட்டுப் பயிற்சியில் எல்லோரும் விட்டுவிடுவது இதுதான். உறுதியான துணிப்பையில் 5 கிலோ அரிசியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, மற்றக் கையால் பையை விலா வரை இழுத்து மெதுவாக இறக்குங்கள், கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரி. ஒரு கைக்குப் பத்து. பழகினால் அரிசியைக் கூட்டிக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் இன்னும் இரண்டு மூன்று செய்ய முடியும் என்கிற இடத்தில் நிறுத்துங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள், தள்ளும்போதும் தூக்கும்போதும் விடுங்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள், நான்கையும் இரண்டிரண்டு சுற்று, காலையில் கொஞ்சம் மத்தியானம் கொஞ்சம் ராத்திரி கொஞ்சம் என்று பிரித்தாலும் சரி. படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு வேகமான நடைதான் மருந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் நடங்கள். நம் கடற்கரை வெக்கையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வேர்வை சீக்கிரம் காயாது, உடம்பும் ஆறாது, அதனால் வெயில் ஏறுவதற்கு முன்னாலோ பொழுது சாய்ந்த பிறகோ செய்யுங்கள், வந்ததும் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ குடியுங்கள். நன்றாக நடந்து நாலைந்து வாரம் ஆன பிறகும் மூச்சு வாங்கினால் ரத்தசோகை இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிற ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறதா? பிள்ளை பெற்ற நிறையப் பேருக்கு இருக்கிறது, யாரும் வாய்திறப்பதில்லை, பெண்ணாய்ப் பிறந்தால் இப்படித்தான் என்று துணி வைத்துக்கொண்டே வாழ்கிறார்கள். இது பயிற்சியால் நன்றாகக் குறையக்கூடியது. சிறுநீரை அடக்குவது போல உள்தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, முழுசாகத் தளர்த்துங்கள். எட்டுத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம் விடாமல். பேருந்தில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. சிறுநீர் கழிக்கும்போது மட்டும் செய்யாதீர்கள். அப்படியும் குறையவில்லை என்றால் பெண் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்து குழந்தை பெற்றவர்கள், தலையைத் தூக்கும்போது வயிற்று நடுவில் மேடு தட்டுகிறவர்கள், எதையும் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கயிறு இழுக்கிறவர், பெட்டி தூக்குகிறவர், கையில் வலு இருக்கும், இழுக்கிற பயிற்சி அவருக்குத் தனியாக வேண்டாம். குனிந்து உட்கார்ந்து மீன் பிரிக்கிறதில் அவருக்கும் இடுப்பு உங்களைப் போலத்தான், பாலமும் தண்டாலும் அவருக்குத்தான் முதலில் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வலை பின்னுவதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதும் போக மற்ற நேரம் உட்கார்ந்தே இருந்துவிட்டு ஜூன் பதினைந்தில் திடீரென்று முழுப் பாரத்தையும் இழுப்பதால்தான் நிறையப் பேருக்குப் பிடித்துக்கொள்கிறது. அந்த இரண்டு மாதம் பிள்ளைகளோடு சேர்ந்து அவர் செய்யட்டும், அந்தப் பத்து நிமிஷம் நீங்கள் வெளியே நடந்துவிட்டு வரலாம்.

நாளைக்கே நான்கையும் தொடங்க வேண்டாம் தங்கச்சி. முதல் வாரம் குடத்தை இடுப்பு மாற்றுவதும் ராத்திரிப் பாலமும் மட்டும். இரண்டாம் வாரம் பஸ்கியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மூன்றாம் வாரம் மற்ற இரண்டையும். எந்த அசைவிலாவது வலித்தால் எங்கே வலிக்கிறது, இறங்கும்போதா எழும்போதா என்று எழுதி அனுப்புங்கள், அதற்கு ஏற்ற மாதிரி மாற்றிச் சொல்கிறேன். அடுத்த கேள்வி தொண்டியிலிருந்து, முழங்காலில் சத்தம் வருவது பற்றி.